மணிக்கு ஆள் பிடிக்கும் லோர்னா

கால் மடிக்கு வந்த பிறகுதான் லோர்னா பிட்ஃபீல்ட் வாயைத் திறப்பாள். வெந்நீரில் ஊறிய கால் துண்டில் சுற்றி அவள் முழங்கால் மேல் கிடக்கும். சுண்டுவிரல் நகத்தில் நகவெட்டி ஏறி நிற்கும். அந்த நேரத்தில் எந்த மனிதனும் எழுந்து ஓட முடியாது என்பது அவளுக்குத் தெரியும். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்ன பண்றீங்க?" என்பாள், என்னமோ சினிமாவுக்குக் கூப்பிடுகிற மாதிரி.

மார்ஷ் லாவெர்ன் ஊரில் இந்தக் கேள்வி விழாத காது கிடையாது. வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களுக்குக் கால் நகம் வெட்டி, ஆணி செதுக்கி, குதிகால் வெடிப்புக்குக் களிம்பு தடவுவது அவள் பிழைப்பு. சகல பரிசுத்தவான்கள் கோயில் கோபுரத்தில் இருக்கும் ஆறு மணிகளுக்கு ஆள் சேர்ப்பது அவளைப் பிடித்த பேய். பாவம், அவள் கைக்கு வரும் கால்களுக்கெல்லாம் எண்பது வயதுக்கு மேல். கோபுரத்தின் நாற்பத்தொரு படியை அந்தக் கால்கள் கனவில்கூட ஏறா. அதனால் கதவைத் திறந்துவிட வரும் மகன், மருமகன், கேஸ் மீட்டர் பார்க்க வந்தவர், சமையலறைக்கு ஓடு பதிக்க வந்தவர் என்று யார் கண்ணில் பட்டாலும் விடமாட்டாள். தயங்கும் மருமகன்களிடம், "உங்க மாமியார் கால் என் கையில இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோங்க," என்று நகவெட்டியை ஆட்டுவாள். மாமியார் சிரிப்பார். மருமகன் தோட்டத்துப் பக்கம் வேலை இருக்கிறது என்று நழுவிவிடுவான்.

சாக்குகளை அவள் முப்பது வருஷமாகக் கேட்டுவிட்டாள். முதுகு பிடித்திருக்கிறது. நாய் தனியாக இருந்தால் ஊளையிடும். உயரம் என்றால் தலை சுற்றும். ஒருவர், "எனக்குச் சாமி நம்பிக்கை இல்லைம்மா," என்று தப்பிக்கப் பார்த்தார். "எனக்கும் வாரத்துல ரெண்டு நாள் இருக்காது. ஆனா செவ்வாய்க்கிழமை வந்துடும், நீங்களும் வாங்க," என்றாள். அவர் வரவில்லை.

கறிக்கடைக் கண்ணாடியில் அவள் ஒட்டிய தாள் இன்னமும் இருக்கிறது. 'மணி அடிக்க ஆள் தேவை. இசை தெரிய வேண்டாம். பலம் வேண்டாம். பக்தி வேண்டாம்.' கடைசி வரியைப் பார்த்துவிட்டு ஆயர் டங்கன் முகம் சுளித்தார். ஐந்து ஊர்க் கோயில்களை ஒற்றை ஆளாக, ஓட்டைக் காரில் ஓடி ஓடிப் பார்த்துக்கொள்ளும் நல்ல மனிதர் அவர். லோர்னா அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, 'பக்தி இருந்தாலும் பரவாயில்லை' என்று எழுதினாள்.

இந்த மணி அடிப்பது, கயிற்றைப் பிடித்துத் தொங்கி டாங் டாங் என்று இழுக்கிற சமாச்சாரம் இல்லை. மேலே மணி வாயை வானத்தைப் பார்த்துத் திறந்தபடி தலைகீழாக நிற்கும். ஒரு இழுப்புக்கு ஒரு முழுச் சுற்று சுற்றி, மறுபடி தலைகீழாக வந்து நிற்கும். கயிற்றில் கம்பளி சுற்றிய பிடி ஒன்று உண்டு. அது முகத்துக்கு நேரே வரும்போது பிடிக்க வேண்டும், இழுத்த மறுகணம் கையை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் அரை டன் வெண்கலம் ஆளையும் சேர்த்துக் கூரைக்குத் தூக்கிப்போகும். கற்றுக்கொடுப்பவர் எதிரே நின்று கயிற்றின் வால்முனையைத் தாமும் பிடித்துக்கொள்வார். சில வாரம் கழித்து, பழகியவர் கையில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். எந்தக் கோபுரத்திலும் இதுதான் வழக்கம்.

லோர்னா ஒதுங்கமாட்டாள். ஒதுங்க அவளால் முடியாது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஹெலன் என்று ஒரு பள்ளிக்கூட டீச்சரை அவள் கற்றுக்கொள்ளப் பிடித்துவந்தாள். ஆறாவது வாரம் லோர்னா கையை எடுத்தாள். டீச்சர் எடுக்கவில்லை. ஆறடி உயரத்தில் இருந்து கல்தரையில் விழுந்தவளுக்கு இரண்டு மணிக்கட்டும் போயின. கரும்பலகையில் எழுத ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஹெலன் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டைகூட அனுப்பினாள், கோணல் எழுத்தில். அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்த நாளிலிருந்து யார் கயிற்றைத் தொட்டாலும் அவர்கள் கைக்கு மேலே லோர்னாவின் கை இருக்கும்.

போன வருஷம் கோபுரத்தைத் திறந்துவைத்து ஊரையே கூப்பிட்டாள். மூன்று கேக் செய்து வைத்தாள். இருபத்து மூன்று பேர் வந்தார்கள். கேக் தீர்ந்தபோது நாலு பேர் இருந்தார்கள், அதில் ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்கக் காத்திருந்தார். மிச்சம் மூன்று பேர் தங்கினார்கள். கேலம், கூரைக்கு ஓடு போடுகிறவன், பயம் என்றால் என்னவென்று தெரியாதவன். ஃபிரெடா, ஓய்வு பெற்ற நர்ஸ். இமொஜன், ரொட்டிக்கடையில் விடியற்காலை வேலை பார்த்துவிட்டுக் கண் எரிய வருகிறவள், அதிகம் பேசாதவள். எட்டு மாசம் தவறாமல் வந்தார்கள். லோர்னாவும் எட்டு மாசம் தவறாமல் எதிரே நின்றாள். "விடு, விடு, இப்ப புடி, ஐயோ, இருங்க நான் புடிக்கிறேன்." இதுதான் பாடம். அப்புறம் மே மாசத்தில் கேலமுக்கு வேலை அதிகமானது, ஃபிரெடாவுக்கு மூட்டு வலித்தது, இமொஜன் ஒன்றும் சொல்லாமலே நின்றுவிட்டாள். அவர்களோடு சேர்த்து, ஐந்து வருஷத்தில் அவள் பிடித்துவந்து இழந்தவர்கள் பதினொரு பேர்.

கோபுரத்தில் மிஞ்சியது நாலு பேர். லோர்னா, தபால்காரர் நோயல், அவர் மனைவி, அப்புறம் பெரிய மணிக்கு கிளைவ் ஆன்ஸ்டி. கிளைவ் நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். லோர்னாவிடம் உண்மையைச் சொல்ல ஊரில் பயப்படாத ஒரே ஆள்.

"ஏம்மா, பதினொரு பேரைப் புடிச்சே. பதினொண்ணும் பறந்துடுச்சு. கூண்டுல ஓட்டை எங்கன்னு மொதல்ல பாரு," என்பார்.

"ஜனங்களுக்குப் பொறுமை இல்லை, கிளைவ்."

"ஆமாமா. உனக்குத்தான் வண்டி வண்டியா இருக்கே."

ஆகஸ்டில் யாரோ ஒரு புண்ணியவான் கோயிலுக்கு ஒரு இயந்திரம் இனாமாகத் தருகிறேன் என்று முன்வந்தார். ஒவ்வொரு மணிக்கும் பக்கத்தில் ஒரு மின்சாரச் சுத்தியல். ஆயர் தன் போனிலேயே அமுக்கிக்கொள்ளலாம், ஐந்து ஊரில் எந்த ஊரிலிருந்தாலும். சபைக் கமிட்டியில் எல்லோரும் தலையாட்டினார்கள். லோர்னா எழுந்து நின்றாள்.

"அதை மாட்டிட்டா கயிறு எதுக்குன்னு கழட்டிடுவீங்க. அப்புறம் மணி ஆடாது. சும்மா தொங்கிக்கிட்டு அடி வாங்கும்."

"லோர்னா, ஆறு மணிகளுக்கு நாலே பேர். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க," என்றார் ஆயர். அவர் குரலில் கேலி இல்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கடைசியில் ஒரு கெடு வைத்தார்கள். நவம்பர் முதல் ஞாயிறு, கோயிலின் பேர் சொல்லும் திருநாள். அன்று காலை ஒன்பதரைக்கு ஆறு மணியும் ஆறு மனிதர் கையால் கால் மணி நேரம் ஒலித்தால் இயந்திரம் வேண்டாம். இல்லையென்றால் திங்கட்கிழமை ஆள் வந்து சுத்தியலை மாட்டிவிடுவார்.

செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாசமும் அவள் அலைந்த அலைச்சல் கொஞ்சமா? பள்ளிக்கூட வாசலில் நின்றாள். கால்பந்து ஆடுகிறவர்கள் உடுப்பு மாற்றும் இடத்துக்கே போய்க் கதவைத் தட்டினாள். மதுக்கடைக்காரர், "லோர்னா, நீ உள்ள வந்தா ஆளுங்க எழுந்து வெளிய போறாங்க, என் வியாபாரம் என்னாகுறது," என்று கெஞ்சினார். காரில் உட்கார்ந்து அழுதாள் என்றும் சொல்கிறார்கள். அழுதிருப்பாள், அழாமல் என்ன செய்வாள். அக்டோபர் கடைசியில் அவள் கையில் இருந்தது அதே நாலு பேர்.

சனிக்கிழமை காலை கிளைவ் போன் செய்தார். "டன்னக்குக்குப் போ. ரெண்டு ஆளை நாளைக்கு ஒருநாள் இரவல் கேளு. அவங்க ஆராதனை பதினொன்றரைக்குத்தானே. இங்க அடிச்சுட்டு அங்க போயிடலாம்."

டன்னக் பக்கத்து ஊர். அங்கே மணிக் கூட்டத்துக்குத் தலைவர் டெஸ்மண்ட் ஓக். மணி அடிப்பதில் சுமாரான ஆள். "டெஸ்மண்ட் அடிச்சா மாடிப்படியில தட்டுமுட்டு சாமான் உருள்ற மாதிரி இருக்கும்," என்று லோர்னா இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிவந்தவள். அவர் வாசலில் போய் நிற்பதைவிட கல்லை விழுங்கலாம். ஆனாலும் பிற்பகல் இரண்டு மணிக்குக் காரை எடுத்தாள்.

டன்னக் கோயில் மதிலோரம் இறங்கும்போதே சத்தம் கேட்டது. பயிற்சி நேரம் போலும், ஆறு மணியும் ஒலித்துக்கொண்டிருந்தன. கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தாலும் ஒன்றும் தடுமாறவில்லை. டெஸ்மண்டுக்கு எங்கேயிருந்து ஆறு பேர் கிடைத்தார்கள் என்று வயிற்றெரிச்சலோடு படியேறினாள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே நுழையக் கூடாது என்பது எல்லாக் கோபுரத்துக்கும் பொதுவான சட்டம். அதனால் திறந்திருந்த கதவோரம் இருட்டில் நின்று எட்டிப்பார்த்தாள்.

முதல் கயிற்றில் இமொஜன். மூன்றாவதில் ஃபிரெடா. ஐந்தாவதில் கேலம், சட்டைக்கையை மடித்துவிட்டு. மற்ற மூன்றில் டன்னக்காரர்கள். டெஸ்மண்ட் எந்தக் கயிற்றையும் பிடிக்கவில்லை. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார்.

வந்த வழியே இறங்கிவிடலாம் என்று ஒரு காலைப் பின்னால் வைத்தாள். அதற்குள் டெஸ்மண்ட் பார்த்துவிட்டார். ஆப்பிளாலேயே சுவரோரப் பெஞ்சைக் காட்டினார். தலைவரே காட்டியதால் சுவரை ஒட்டிப் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு, மணிகள் நிற்கும்வரை யாரும் எழுந்து நடக்கக் கூடாது; கயிறுகள் பறக்கிற இடத்தில் ஆள் அசைந்தால் அடிப்பவர் கவனம் சிதறும். அதனால் லோர்னா அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. அவர்களாலும் போக முடியாது, பேச முடியாது, முகத்தைத் திருப்ப முடியாது. கயிற்றை விட்டால் மணி என்னவாகும்? ஃபிரெடாவின் கழுத்து சிவந்தது. கேலம் கூரையைப் பார்த்தான். இமொஜன் மட்டும் லோர்னாவை நேராகப் பார்த்தபடி, கம்பளிப் பிடியைப் பிடித்து, இழுத்து, விட்டு, மறுபடி பிடித்தாள். அவள் கைக்கு மேலே யார் கையும் இல்லை. பத்து நிமிஷம். அவர்கள் நன்றாக அடித்தார்கள், லோர்னாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"நில்லு," என்றார் டெஸ்மண்ட், கடைசித் துண்டை மென்றபடி. மணிகள் ஒவ்வொன்றாக நின்றன.

"உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தோம்," என்றாள் ஃபிரெடா.

"மூட்டு எப்படி இருக்கு?" என்றாள் லோர்னா.

கேலம்தான் பேசினான். "எட்டு மாசம் உங்ககிட்ட வந்தேன், லோர்னா. ஒரு தடவைகூட நான் அடிக்கலை. உங்க கையை என் கை சுமந்துக்கிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான். இவர் மூணாவது வாரமே விட்டுட்டு டீ போடப் போயிட்டார்."

"உயிர் போயிருந்தா?"

"போகலையே."

டெஸ்மண்ட் ஆப்பிள் தண்டைக் கைக்குட்டையில் சுற்றினார். "நான் போனது டீக்கு இல்லை. வெளிய போய் நின்னு நடுங்கிக்கிட்டு இருந்தேன்," என்றார். அவரை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் லோர்னா பார்த்தாள்.

வந்த விஷயத்தைச் சொன்னாள். நாளைக்கு ரெண்டு பேர் வேண்டும் என்றாள். இயந்திரத்தைப் பற்றிச் சொன்னாள். நடுவில் ஒரு தடவை இருமினாள். "என்னைக் கேக்காதே, இவங்களைக் கேளு," என்றார் டெஸ்மண்ட்.

கேட்டாள். பக்கத்தில் நிற்கமாட்டேன், வாயே திறக்கமாட்டேன் என்று சத்தியம்கூடச் செய்தாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் அந்த அதிகம் பேசாத பெண் பேசினாள்.

"நீங்க அந்த அறையில இருந்தாலே என் கை நடுங்குது, லோர்னா. கோவிச்சுக்காதீங்க. நீங்க கீழ இருந்தீங்கன்னா நாங்க மூணு பேரும் வர்றோம். நாளைக்கு மட்டும் இல்லை. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வர்றோம்."

லோர்னா மனசுக்குள் எண்ணினாள். நோயல், அவர் மனைவி, கிளைவ், இவர்கள் மூவர். ஆறு. இன்னொரு தடவை எண்ணினாள். முப்பது வருஷமாகத் தேடிய கணக்கு அவள் இல்லாமல் சரியாக வந்திருந்தது.

"ஒன்பதேகாலுக்கு வந்துடுங்க. மூணாவது மணி கொஞ்சம் சோம்பேறி, சீக்கிரமே இழுத்துடணும்," என்று ஃபிரெடாவிடம் சொன்னாள். சொன்ன பிறகு, "மன்னிச்சுக்கோங்க," என்றாள்.

கிளைவிடம் போனில் சொன்னாள். அவர் லாரிக்காரர்கள் மட்டும் பேசுகிற பாஷையில் நிறையப் பேசினார். "இதென்ன அநியாயம். அப்ப நானும் வரலை."

"நீங்க வராட்டி அஞ்சுதான், கிளைவ்."

"ஏம்மா, நீ எப்படி..."

"அஞ்சுதான், கிளைவ்," என்று போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு லோர்னா கோயிலைச் சுற்றிய கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றாள். நல்ல கோட்டு, துடைத்த ஷூ. இரவு தூங்காத கண். முதல் மணி கிளம்பியது, பின்னாலேயே மற்ற ஐந்தும். அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. காதுதான் மேலே இருந்தது. மூன்றாவது மணி இழுத்தடித்தது, நாலாவது சுற்றில் தானாகவே சரியாயிற்று. கோயிலுக்கு வந்தவர்கள் பாதையிலேயே நின்றுவிட்டார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஆயர் டங்கன் வெள்ளை அங்கி காற்றில் அடிக்க ஓடிவந்தார். "ஆறும் அடிக்குது லோர்னா. நீங்க ஏன் கீழ நிக்கறீங்க?"

"மேல இடம் இல்லை," என்றாள்.

அவருக்கு அது வேடிக்கையாகப் பட்டது. சந்தோஷமாகச் சிரித்தார். "இப்படி ஒரு பிரச்சினை வரும்னு நான் நெனச்சதே இல்லை. இயந்திரக்காரருக்கு இன்னைக்கே சொல்லிடறேன், வேண்டாம்னு," என்று அவள் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். சரி, மணி பிழைத்தது. அதற்காகத்தானே இவ்வளவும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிச் சொல்லிப் பார்த்தும் அது உள்ளே இறங்கவில்லை.

அப்போது சாலையில் ஓட்டப்பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண் வாசலண்டை நின்றாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். ஊருக்குப் புதிது. காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு மூச்சு வாங்கக் கோபுரத்தையே பார்த்தாள்.

"இது மனுஷங்க அடிக்கறதா? ரெக்கார்டுன்னு நெனச்சேன்."

"மனுஷங்கதான்."

"நானும் கத்துக்க முடியுமா? யாரைக் கேக்கணும்?"

இத்தனை வருஷத்தில் யாரும், யாருமே, அவளிடம் தாமாக வந்து கேட்டதில்லை. "கையைக் காட்டுங்க," என்றாள் லோர்னா. அந்தப் பெண் விளையாட்டாக நீட்டினாள். அகலமான உள்ளங்கை, விரல் அடியில் காய்ப்பு, பதறாத கை. பாறை ஏறுவாளாம், அவளே சொன்னாள். லோர்னா அந்தக் கையைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு மேலே மணி ஒரு முழுச் சுற்று வரும்வரை நின்றாள். பிறகு கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். எழுதுவதற்குத் தாள் இல்லாததால் அந்த உள்ளங்கையிலேயே எழுதினாள்: டெஸ்மண்ட் ஓக், டன்னக். கீழே அவருடைய போன் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக நிறுத்தி எழுதி, மை காயும்வரை ஊதி, அந்தக் கையை விட்டாள்.